க்ரெமெர்: ஒரு திருத்தம்

சில வருடங்களுக்கு முன், பத்துப் பேர் கூடியிருந்த ஒரு மாடியறைக் கூட்டத்தில், தொலைக்காட்சித் தொடருக்குப் போய்விட்ட நடிகன் கலைஞன் என்ற அளவில் ஓய்வு பெற்றவன்தான் என்று பேசினேன். உதாரணமாகக் காட்டியது பிரெஞ்சு நடிகர் ப்ரூனோ க்ரெமெரை. யாரும் மறுக்கவில்லை. நம் கூட்டங்களில் இம்மாதிரி வாக்கியங்களை யாரும் மறுப்பதில்லை. அது தவறு என்று இப்போது தோன்றுகிறது. சொன்னவனே திருத்துவதுதான் முறை.

அன்று என் மனதில் இருந்தது பியர் ஷோண்டோர்ஃபெரின் '317வது பிளாட்டூன்' (1965). 1954 மே மாதம், தியன் பியன் பூ விழும் தறுவாயில், ஒரு சிறு படை இந்தோசீனக் காட்டினூடே பின்வாங்குகிறது. ஷோண்டோர்ஃபெர் அந்த யுத்தத்தில் ராணுவக் காமிராக்காரராக இருந்து சிறைப்பட்டவர். ஒளிப்பதிவு, கோதாரின் படங்களை எடுத்த ராவுல் கூத்தார். க்ரெமெர் இதில் வில்ஸ்டோர்ஃப். முந்தைய யுத்தத்தில் ஜெர்மன் ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட அல்ஸேஸ்காரன். இளம் அதிகாரி தான் படித்த போரை நடத்த முயல்கிறான்; இவன் தெரிந்த போரை நடத்துகிறான். க்ரெமெரின் முகத்தில் வீரமும் இல்லை, விரக்தியும் இல்லை. வேலை தெரிந்தவனின் கவனம் மட்டுமே இருக்கிறது.

அதற்கு முன்பே மேடையில் பெயர் பெற்றவர். 1959ல் அனூயியின் 'பெக்கெட்' முதன்முதலாக மேடையேறியபோது பெக்கெட் இவர்தான். பின்பு விஸ்காந்தியின் 'அந்நியன்' (1967) படத்தில், மரண தண்டனை பெற்ற மெர்சோவைப் பார்க்க வரும் பாதிரி. ஃப்ரீட்கினின் 'ஸார்ஸரர்' (1977) படத்தில், மோசடி வெளிப்பட்டதும் மனைவியிடம்கூடச் சொல்லாமல் ஓடிப்போய், தென் அமெரிக்கக் காட்டில் வெடிமருந்து லாரி ஓட்டும் பாரிஸ் வங்கிக்காரர். வங்கியில் வேலை பார்க்கிற எனக்கு அந்த முகம் முற்றிலும் நம்பும்படியாக இருந்தது. இப்படிப்பட்டவர் 1991லிருந்து 2005 வரை, பதினான்கு வருடங்கள், 54 படங்களில், ஸிமெனானின் போலீஸ் அதிகாரி மேக்ரேயாகவே உட்கார்ந்துவிட்டார் என்பது என் குற்றச்சாட்டு.

மேக்ரே புதிய வேஷம் அல்ல. 1932லேயே ழான் ரெனுவார் தன் அண்ணனை மேக்ரேயாக்கிப் படமெடுத்தார். காபேன் மூன்று முறை நடித்தார். தொலைக்காட்சியில் க்ரெமெருக்கு முன் ழான் ரிஷார் இருபது வருடத்துக்கு மேல் நடித்திருந்தார். ஆக, க்ரெமெர் கண்டுபிடிக்க அதில் எதுவுமில்லை என்று நான் நினைத்ததில் ஒரு நியாயம் இருந்தது. நான் அந்தப் படங்களில் ஒன்றையும் பார்க்காமல் அப்படி நினைத்தேன் என்பதுதான் அநியாயம்.

பிறகு பார்த்தேன், ஒரு மழைக்காலம் முழுக்க, இரவுகளில். மேக்ரே ஒரு வீட்டுக்குள் போகிறார். மேல்கோட்டைக் கழற்றாமலே உட்காருகிறார். எதிரே இருப்பவள் பேசுகிறாள், பொய் சொல்கிறாள், நிறுத்துகிறாள். அவர் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் அவளே மறுபடி ஆரம்பிக்கிறாள். துப்பறிதல் என்று இதில் அதிகம் இல்லை; கேட்டுக்கொண்டிருத்தல்தான். சினிமாவில் நடிகனுக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம், அதற்குள் அவன் எதையாவது நிரூபித்தாக வேண்டும். அதே கோட்டும் அதே பைப்புமாக முப்பதாவது முறை வந்து உட்காருகிறவனுக்கு நிரூபிக்க எதுவும் மிச்சமில்லை. க்ரெமெர் எதிராளியைக் கவனிப்பது அந்த நிலையிலிருந்து. தொடர் முழுவதும் கலை என்று நான் சொல்லவில்லை. பல படங்கள் மந்தமானவை, சில தூங்க வைப்பவை. சொல்ல வந்தது அவரைப் பற்றித்தான்.

இதற்கு வெளியிலிருந்தும் ஒரு சாட்சி உண்டு. தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓஸோன் அவரை 'மணலுக்கு அடியில்' (2000) படத்தில் போட்டார். கணவன் கடலில் குளிக்கப் போகிறான், திரும்பவில்லை. மீதிப் படம் சார்லட் ராம்ப்ளிங்குடையது. அவன் போய்விட்டதை ஏற்க மறுக்கும் மனைவி. க்ரெமெருக்குக் காட்சிகள் குறைவு, வசனம் அதைவிடக் குறைவு. ஆனால் அந்தக் கனத்த உடம்பு இல்லாமல் போனதை ஒவ்வொரு அறையிலும் நாம் உணர்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் படமே இல்லை. பத்து வருடமாகத் தங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்த ஒருவர் காணாமல் போவதைத்தான் பிரெஞ்சு ரசிகர்கள் பார்த்திருக்கிறார்கள். எதை நான் ஓய்வு என்றேனோ அதையே ஓஸோன் மூலப்பொருளாக எடுத்துக்கொண்டார்.

2005ல் வந்த கடைசி மேக்ரேயைப் பார்த்து முடித்த பிறகுதான், அதில் பேசுவது க்ரெமெரின் குரல் அல்ல என்று படித்தேன். தொண்டைப் புற்றுநோய். வேறொரு நடிகர் குரல் கொடுத்திருக்கிறார். எனக்கு அது தெரியாமல் போனது என் காதுக்குப் பெருமை அல்ல. பிரெஞ்சு தெரியாமல் ஆங்கில அடிவரிகளைப் படித்துப் பார்க்கிறவன் நான். மறுபடி போட்டுப் பார்த்தேன். குரல் வேறு ஆளுடையது என்று தெரிந்த பிறகும், எதிரே பேசுகிறவரைக் க்ரெமெர் கேட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் எதுவும் குறையவில்லை. 2010 ஆகஸ்டில், எண்பது வயதில், இறந்தார்.

அன்று மாடியறையில் அவ்வளவு உறுதியாக ஏன் பேசினேன் என்று யோசிக்கிறேன். தினமும் ஒரே கவுண்டர், ஒரே நாற்காலி, எதிரே வந்து நின்று பேசும் மனிதர்கள். பதினான்கு வருடம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது தோல்வி என்று ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால், என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பேச்சுக்கும் ப்ரூனோ க்ரெமெருக்கும் சம்பந்தமில்லை. எனவே வாபஸ் பெறுகிறேன்.