டிஜேவுக்கு ஒரு சபா

மும்பையில் ஆர்.டி. பர்மன், லட்சுமிகாந்த்–பியாரேலால் போன்ற இசையமைப்பாளர்களின் ஒலிப்பதிவுகளில் வாசித்துப் பிழைத்தவர் சரண்ஜித் சிங். கல்யாண வீடுகளில் கச்சேரி செய்ததும் உண்டு. 1982இல் அவர் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளே அவருக்குப் பக்கவாத்தியம். டிஆர்-808 தாளத்தைப் பிடித்துக்கொண்டது. டிபி-303 கீழ் ஸ்தாயியில் ஒரே ஸ்வர வரிசையை விடாமல் சுழற்றியது. ஜூபிடர்-8இல் அவர் விரல்கள் ராகத்தைப் பாடின. அவர் எடுத்துக்கொண்ட பைரவ், பூபாலி, யமன், மால்கௌன்ஸ், பைராகி ஆகியவற்றை மயிலாப்பூர் ரசிகர் மாயாமாளவகௌளை, மோகனம், கல்யாணி, ஹிந்தோளம், ரேவதி என்ற பெயர்களில் சின்ன வயதிலிருந்தே அறிவார். 303 என்ற அந்தச் சின்னப் பெட்டிக்கு ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் குணம் உண்டு. நம் வித்வான்கள் ஜாரு என்று சொல்வதற்கு அது மிக அருகில் வருகிறது. மாறாத தாளம், விலகாத ஆதார சுருதி, அதன்மேல் மெல்ல விரியும் ராகம் என்று எல்லாம் பொருந்தியும் அந்தத் தட்டு விற்கவில்லை. மும்பை அதை மறந்தது.

ஐந்தாண்டு கழித்து, 1987இல், சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற மூவர் குழு அதே 303ஐ வைத்து ‘ஆசிட் ட்ராக்ஸ்’ என்ற தட்டை வெளியிட்டது. ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகையே அதிலிருந்து பிறந்ததாகச் சொல்வார்கள். அந்த ட்ராக் தட்டாக வருவதற்கு முன்பே மியூசிக் பாக்ஸ் என்ற கூடத்தில் டிஜே ரான் ஹார்டி அதை ஒலிக்கவிட்டார். முதல் முறை கேட்டவர்கள் ஆடுவதை நிறுத்திவிட்டு விலகிப் போனார்கள். அதே இரவில் அவர் மறுபடியும் போட்டார், மறுபடியும் போட்டார். நான்காம் முறை கூடம் கொந்தளித்தது என்று அந்தக் குழுவினரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். சரண்ஜித் சிங்குக்கும் அந்த மூவருக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க இந்த ஓர் இரவு போதும். கருவி ஒன்றுதான். ஞானத்தில் மும்பைக் கலைஞர் ஒரு படி மேலே நின்றவர். அவருக்கு இல்லாதது, புதிய ஒலி ஒன்றை நான்கு முறை கேட்கப் பொறுமையுள்ள கூட்டமும், அந்தக் கூட்டம் வாராவாரம் கூடுகிற ஓர் இடமும், அதன் நம்பிக்கையைப் பெற்ற ஒரு டிஜேவும். எடோ பௌமன் என்ற டச்சு சேகரிப்பாளர் 2002இல் டெல்லியில் அந்தத் தட்டைக் கண்டெடுத்து, 2010இல் மறுபதிப்புச் செய்த பிறகே உலகம் சரண்ஜித் சிங்கைத் தேடி வந்தது. எழுபதைக் கடந்த வயதில் ஐரோப்பிய மேடைகளில் வாசித்துவிட்டு 2015இல் அவர் காலமானார்.

டிஜேவின் தொழில்வாழ்வைத் தீர்மானிப்பது அவருக்குக் கிடைக்கும் கூடம் என்பதே நான் இங்கே நிறுவ விரும்புவது. ஆசிட் ஹவுஸுக்குத் தாய்வகையான ஹவுஸ் இசையின் வரலாறு முழுவதும் இதற்குச் சாட்சி. நியூயார்க்கில் பிறந்த ஃப்ராங்கி நக்கிள்ஸ் 1977இல் சிகாகோவுக்கு வந்து ‘வேர்ஹவுஸ்’ என்ற கூடத்தில் டிஜே ஆனார். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள். பலர் தன்பால் ஈர்ப்பாளர்கள். வேறெங்கும் நிம்மதியாக நிற்க இடம் இல்லாதவர்கள். 1979 ஜூலையில் அதே நகரத்தின் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். தட்டு நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைவிட்டன. புதுத் தட்டுகள் குறைந்த அந்த நாட்களில் நக்கிள்ஸ் பழைய பாடல்களை நாடாவில் வெட்டி ஒட்டி நீட்டினார். பிறகு தாள இயந்திரத்தைச் சேர்த்தார். பின்னர் தாமே இசை தயாரித்தார். டிஜே என்பவர் இசைத் தயாரிப்பாளராக வளர்ந்த பாதை இதுதான். ஒவ்வொரு வாரமும் அவர் செய்த மாற்றத்தை அந்தக் கூடத்தின் கால்கள் ஏற்றன, அல்லது மறுத்தன. ரீமிக்ஸ் கலைஞருக்கான கிராமி விருது 1998இல் முதன்முறையாகக் கொடுக்கப்பட்டபோது அது அவருக்கே போனது. அவர் 2014இல் மறைந்தார்; வேர்ஹவுஸ் இயங்கிய கட்டடத்தை 2023இல் சிகாகோ நகரம் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

இந்த வரலாற்றில் நம் ஊர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. வேர்ஹவுஸில் மது விற்கவில்லை, பழச்சாறும் தண்ணீரும்தான். நியூயார்க்கில் லாரி லெவன் பத்தாண்டு காலம் கோலோச்சிய ‘பாரடைஸ் கராஜ்’ கூடத்திலும் மது கிடையாது. சந்தா கட்டிய உறுப்பினரும் அவர்களுடைய விருந்தினரும்தான் உள்ளே போகலாம். டிஜே என்றதும் மதுக்கூடத்தை நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கலையைப் பெற்றெடுத்த கூடங்களோ மதுவை நம்பி நடக்கவில்லை. சந்தா, உறுப்பினர், ஒரே நோக்கமுள்ள கூட்டம் என்ற ஏற்பாட்டைச் சென்னைக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டாம். பார்த்தசாரதி சுவாமி சபா 1900இல் தொடங்கியது. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டின் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி எழுந்தது. தியாகராய நகரில் 1953இல் கிருஷ்ண கான சபா வந்தது. அரசர்களும் ஜமீன்தார்களும் கைவிட்ட பிறகு கர்நாடக இசையைக் காப்பாற்றியது மாதச் சந்தா கட்டிய வக்கீல்களும் குமாஸ்தாக்களும்தான்.

சபா கொடுத்தது மேடையை மட்டும் அல்ல, படிக்கட்டையும் கொடுத்தது. மார்கழியில் நண்பகல் இலவசக் கச்சேரியில் தொடங்கும் இளைஞர், தேறினால் நான்கு மணிக்கு ஏறுவார். இன்னும் சில ஆண்டுகளில் மாலைக் கச்சேரிக்கு வருவார். இடையில் ஒவ்வொரு படியிலும் அவரைக் கேட்டுத் தலையாட்டவோ உதட்டைப் பிதுக்கவோ தெரிந்தவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். ஹவுஸ் இசையிலும் இதே ஒழுங்கு உண்டு. முதலில் வாசிப்பவர் கூடத்தைச் சூடாக்கலாமே தவிர, கொதிக்க விடக் கூடாது. பின்னால் வருபவருக்கு இடம் வைத்துவிட்டு இறங்குவது அவர் கடமை. இந்தக் கட்டுப்பாட்டைக் கற்க ஆண்டுகள் ஆகும், கற்க இடமும் வேண்டும்.

சென்னையின் டிஜேக்களுக்கு இன்று கிடைப்பது என்ன? நட்சத்திர விடுதிகளின் மதுக்கூடம், கல்யாண வரவேற்பு, கம்பெனி விழா, கல்லூரிக் கலைவிழா. விடுதியின் கூடம் மது உரிமத்தின்மேல் நிற்கிறது. கணக்குப் பார்ப்பவருக்கு அன்றைய விற்பனையே அளவுகோல். எனவே தெரிந்த சினிமாப் பாட்டு, அதுவும் பல்லவியோடு அடுத்ததற்குத் தாவும் பாட்டு, இரவு முழுக்க வேண்டியிருக்கிறது. ஹவுஸ் ட்ராக் ஒன்று ஏழெட்டு நிமிடம் ஓடும். நிமிடத்துக்கு நூற்றிருபதுக்கும் சற்று மேலான அடிகளில் கிக் விழுந்துகொண்டே இருக்க, ஒரு தட்டல் சேரும், ஒரு ஸ்வரம் விலகும், ஃபில்டர் மெல்லத் திறக்கும். அதற்குள் பொறுமை இழப்பவருக்கு அதில் ஒன்றும் இல்லை. பொறுத்தவருக்கு நிரவலில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்து பொருள் கூடுவது போன்ற நிறைவு கிடைக்கும். கல்யாண வரவேற்பில் அதற்கு எங்கே நேரம்? அங்கே வாசிப்பது இழிவு என்று நான் சொல்லவில்லை. அது சோறு போடும் நேர்மையான உழைப்பு. ஆனால் அதில் மட்டுமே உழல்பவருக்குச் சொந்த இசை முளைக்க வழியில்லை. மேலும், தமிழ்நாட்டில் மது அருந்தச் சட்டம் அனுமதிக்கும் வயது 21. பதினேழு வயதில் கணினியில் ட்ராக் செய்யத் தொடங்கும் பிள்ளை, தன் கலையை நேரில் கேட்க நான்காண்டு காத்திருக்க வேண்டும் என்பது வாய்ப்பாட்டில் நினைத்துப் பார்க்க முடியாத கொடுமை.

டிஜேவுக்கும் ஒரு சபா வேண்டும் என்றால் எழும் முதல் ஆட்சேபம், பிறர் தட்டைப் போடுபவர் எப்படிக் கலைஞர் ஆவார் என்பது. தியாகராஜரையும் தீட்சிதரையும் சியாமா சாஸ்திரியையும் பாடும் வித்வானை யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவர் அங்கே ராக ஆலாபனை செய்கிறாரே என்றால், அது நியாயமான பதில்தான். டிஜேவின் வேலை அதற்கு ஈடு என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் கச்சேரி என்பது ஆலாபனை மட்டும் அல்ல. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் இன்றும் கொண்டாடப்படுவதற்கு ஒரு பெரிய காரணம் அவர் வகுத்த கச்சேரி பத்ததி: வர்ணத்தில் தொடங்கு, விறுவிறுப்பான சிறு கீர்த்தனைகளால் களை கட்ட வை, நடுவில் கனமான உருப்படியை நிறுத்து, தனி ஆவர்த்தனத்துக்குப் பின் துக்கடாக்களால் இறக்கிவிடு. எதற்குப் பின் எது, எவ்வளவு நேரம், அடுத்தடுத்த ராகங்கள் எப்படி ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கின்றன என்ற அந்த அறிவை நாம் வித்தை என்று மதிக்கிறோம். ஆறு மணி நேரம் ஒரு கூட்டத்தைக் கலையாமல் வைத்திருக்கும் டிஜேவிடம் இருப்பதும் அந்த அறிவின் ஒரு கிளைதான்.

கோடம்பாக்கம் இருக்கும்போது தனிக் கூடம் எதற்கு என்பார்கள் வேறு சிலர். சிந்தசைசரும் கணினியும் சென்னையில் வாழ்வு பெற்றது சினிமாவால்தான் என்பது உண்மை. ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் தம் வீட்டோடு ‘பஞ்சதன்’ ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992இல் ‘ரோஜா’ வந்தது. வீட்டுக்குள் ஒரு ஸ்டுடியோ, விடியும்வரை ஒலியைச் செதுக்குதல் என்று, ஹவுஸ் தயாரிப்பாளர்கள் வாழ்ந்த வாழ்வே அவருடையதும். ஆனால் திரையிசை காட்சிக்குக் கட்டுப்பட்டது. கதாநாயகனின் நுழைவுக்கும் பாடகரின் குரலுக்கும் இடம் விட்டே ஆக வேண்டும். அதற்கென்று ஒரு தர்மம் இருக்கிறது, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாடக மேடைப் பாட்டு ஓங்கியிருந்த காலத்தில், அது போதும், கச்சேரி எதற்கு என்று சென்னை சொல்லியிருந்தால் இன்று நமக்கு மியூசிக் அகாடமி இருந்திருக்காது.

இது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாத ஆட்டம் என்ற ஆட்சேபத்துக்கு, கர்நாடக இசை தனதாக்கிக்கொண்ட வயலினும் மாண்டலினும் சாக்ஸஃபோனும் ஒரு பாதி பதில். மறு பாதி இன்னும் முக்கியம். 1930களின் தொடக்கத்தில், இன்று பரதநாட்டியம் எனப்படும் சதிர் ஆட்டம் ஒழுக்கக் கேடு என்று இதே நகரம் பத்திரிகைகளில் சண்டையிட்டது. 1931இல் மியூசிக் அகாடமி, சதிர் மரபில் வந்த கல்யாணி என்பவரின் மகள்களை மேடை ஏற்றியது. சில ஆண்டுகளில் அதே மேடையில் பாலசரஸ்வதி ஆடினார். 1936இல் அடையாற்றில் கலாக்ஷேத்ரா பிறந்தது. வெறுக்கப்பட்ட ஆட்டத்தை மேடை கௌரவப்படுத்தியது. அதற்குக் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும்: அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பத்துப் பெண்களில் பெரும்பாலோர் அந்தப் புதிய மேடையில் இடம் பெறவில்லை. ஹவுஸ் இசையை ஒதுக்கப்பட்டவர்கள் பெற்றெடுத்தார்கள். அதற்குச் சென்னையில் கூடம் அமைந்தால், வடசென்னைப் பையனும் திருநங்கையும் பெண் டிஜேவும் தயங்காமல் வந்து நிற்கக்கூடிய கூடமாக அது இருக்க வேண்டும். இல்லையென்றால் நாம் பழைய தவறையே புது ஸ்பீக்கரில் ஒலிக்கச் செய்தவர்கள் ஆவோம்.

மது விற்காமல் கட்டுப்படி ஆகுமா என்று கேட்பவர்கள் சென்னை ஐஐடியின் சாரங் விழாவைப் பார்க்கட்டும். மது விற்பனையே இல்லாத அந்த வளாகத்தின் திறந்தவெளி அரங்கில் இ.டி.எம். என்ற மின்னணு நடன இசை இரவுக்கு இளைஞர்கள் திரண்டு வந்து ஆடுகிறார்கள். மது இல்லாமல் கூட்டம் வரும் என்பதற்கு அது போதிய சாட்சி. மிச்சத்துக்குச் சந்தாவும் புரவலரும் நல்ல கேன்டீனும் இருக்கின்றன. சபாக்கள் அப்படித்தான் நடக்கின்றன. சத்தம் பற்றிய கவலை உண்மையானது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. மூடிய அரங்குகளுக்கு விலக்கு அளிக்கின்றன. கதவும் சுவரும் ஒலியைத் தடுக்கும் கூடத்தில் மாலை நான்கு மணிக்குத் தொடங்கி இரவு பத்து மணிக்குள் முடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் உறக்கமும் கெடாது, பெண்கள் வீடு திரும்ப பஸ்ஸும் ரயிலும் இருக்கும்.

இருக்கைகள் பதித்த சபா அரங்கில் ஆட முடியாது என்பது நடைமுறைத் தடை. அதற்கும் தியாகராய நகரிலேயே வழி இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் மட்டுமல்ல, முகூர்த்தம் இல்லாத மற்ற நாட்களிலும் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. தட்டையான தரை, மின்சாரம், சமையற்கட்டு, வாகனம் நிறுத்த இடம் என எல்லாம் அங்கே உண்டு. நூறு பேர் சேர்ந்து ஓராண்டுச் சந்தா கட்டட்டும். மாதம் முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிறு, அதே கூடம், அதே நிலைய டிஜே. அவருக்கு முன்னால் இரண்டு புதுமுகங்கள். ஒவ்வொரு முறையும் சென்னையில் தயாரான ட்ராக் ஒன்றாவது ஒலிக்க வேண்டும் என்ற விதி. முதல் மாதம் விலகிப் போகிறவர்கள் நான்காம் மாதம் அதையே கேட்டு வாங்குவார்கள். கல்யாணியும் ரேவதியும் காதில் ஊறிய இந்த நகரத்துக்கு ராகம் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, கருவிகளும் கடையில் கிடைக்கின்றன. இனி வேண்டியது, நம் பாட்டனார்கள் வாய்ப்பாட்டுக்குச் செய்ததை நாம் நம் பிள்ளைகளின் இசைக்குச் செய்யத் துணியும் ஒரு காரியக் கமிட்டி.