பாட்டைக் கெடுக்க ஒரு பெட்டி

நவரை அறுப்பு முடிஞ்சு நெல்லும் வித்தாச்சு. மழை இறங்குற வரைக்கும் கழனியில பெரிய வேலை இல்லை. ஏரி மதகு பத்தி இன்னும் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீங்க. அது அடுத்த பதிவுல. இந்தத் தடவை விவசாயத்துக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியுற ஒரு சங்கதி. கிதார் பெடல்.

பெடல்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக: எலக்ட்ரிக் கிதாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவுல, தரையில கிடக்கிற சின்ன இரும்புப் பெட்டி. காலால ஒரு மிதி மிதிச்சா கிதார் சத்தம் கரகரன்னு கிழிஞ்சு வரும். இன்னொரு மிதி மிதிச்சா பழையபடி ஆயிடும். கடையில ரெடியா விக்குது. பாகங்களைத் தனித்தனியா பாக்கெட்ல போட்டு, நீயே கோத்துக்கோன்னு குடுக்கிற கிட்டும் இருக்குது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல இருக்கிற என் சகலையோட மகன் அப்படி ஒரு கிட் வரவழைச்சான். ஒரகடத்துல ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை. ராத்திரி ஷிப்ட் இல்லாத நாள்ல ஒரு இன்னிசைக் குழுவுல கிதார் வாசிப்பான். அவன் ஆசைப்பட்ட பெடல் கடையில ஏழாயிரத்துக்கு மேல. கிட் ஆயிரத்தைந்நூறுக்குள்ள. எனக்குப் போன் போட்டான். "பெரியப்பா, உங்களுக்கு சால்டரிங் தெரியும்ல, வந்து சொல்லிக் குடுங்களேன்."

எனக்குத் தெரியும்தான். பத்தாவது முடிச்சதும் ரெண்டு வருஷம் காஞ்சிபுரத்துல ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில இருந்தேன். அப்புறம் அப்பாவுக்கு முடியாம போய் கழனிக்கு வந்துட்டேன். கை மறக்கலை. பம்ப்செட் ஸ்டார்ட்டர், டார்ச் லைட்டுன்னு ஊர்ல எது நின்னாலும் இன்னைக்கும் என்கிட்டதான் வருது.

அவங்க வீட்டுக்குப் போனதும் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கூடத்துல தறி இல்லை. இருபத்தஞ்சு வருஷமா அந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சா முதல்ல தெரியுறது தறியும் மேல உக்காந்திருக்கிற ஜக்கார்டு பெட்டியும்தான். சகலை இந்தத் தை மாசம் தறியைப் பிரிச்சுட்டார். கால் வைக்கிற குழியைப் பலகை போட்டு மூடி, அது மேல ஒரு மேஜை. அந்த மேஜையிலதான் பையன் சால்டரிங் அயர்னை வெச்சிருந்தான்.

இதைக் கொஞ்சம் சொல்லணும். காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில உடலும் கரையும் வேற வேற நிறம். மூணு நாடா ஓடும். நாடான்னா ஊடை நூலை வெச்சுக்கிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுற கட்டை. ஒரு ஆளால ஆகாது, பக்கத்துல துணைக்கு ஒருத்தர் வேணும். அந்த வீட்டுல துணைக்கு உக்காந்தது என் மச்சினிச்சி. பையனை மட்டும் தறிப் பக்கம் விடவே மாட்டார் சகலை. "இது என்னோட போகட்டும், நீ படி" என்பார். அவன் படிச்சான், வேலைக்குப் போனான். இப்போ தறி போன பிறகு, "இவனுக்கு ஒரு இழை பிணைக்கத் தெரியாது"ன்னு அவரே குறைபடுறார். கத்துக் குடுத்தாதானேன்னு பையன் முணுமுணுக்கிறான். சாப்பிட்டியா, சம்பளம் வந்துச்சா, இதைத் தாண்டி ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

கிட்டைப் பிரிச்சோம். ஒரு சின்ன போர்டு, ரெண்டு டிரான்சிஸ்டர், ஏழெட்டு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும், திருகுற கன்ட்ரோல் ரெண்டு, கிதார் ஒயர் சொருக ரெண்டு ஜாக், ஒன்பது கால் உள்ள ஒரு மிதி சுவிட்ச், அலுமினியப் பெட்டி. அவ்வளவுதான். 1966-ல லண்டன்ல ஆர்பிட்டர் கம்பெனி வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ்ங்கிற பெடலோட சர்க்யூட்தான் இது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மிதிச்ச பெடல். அசல்லயும் உள்ள இருந்தது மொத்தம் பதினோரு உருப்படிதான்.

சகலை திண்ணையில இருந்தபடியே கேட்டார். "இன்னாணா அது, மாத்திரை டப்பா மாதிரி?"

கிதார் சத்தத்தைக் கரகரன்னு ஆக்குற பெட்டின்னு சொன்னேன்.

"பாட்டைக் கெடுக்க காசு குடுத்து ஒரு பெட்டியா?"

கேள்வி சரியானதுதான். இந்தச் சத்தம் பிறந்ததே ஒரு மிஷின் கெட்டுப்போனதாலதான். 1961-ல அமெரிக்காவுல மார்ட்டி ராபின்ஸ் பாடின 'டோன்ட் வொர்ரி'ங்கிற பாட்டு வந்துச்சு. நாஷ்வில் ஊர்ல அதை ரெக்கார்டிங் பண்ணும்போது மிக்ஸர்ல ஒரு சேனல் பழுது. கிரேடி மார்ட்டின் வாசிச்ச பேஸ் கிதார் சத்தம் தேனீ மாதிரி ரீங்காரமா பதிவாயிடுச்சு. அதை அழிக்காம அப்படியே விட்டாங்க. பாட்டு ஓடிச்சு. அங்க இருந்த என்ஜினியர் கிளென் ஸ்னாடி, அந்தப் பழுதை வேணும்னே வரவழைக்கிற மாதிரி ஒரு சர்க்யூட் செஞ்சார். அதுதான் 1962-ல மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்னு விற்பனைக்கு வந்தது. 1965-ல ரோலிங் ஸ்டோன்ஸ் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டுல அதை மிதிச்ச பிறகு உலகம் பூரா தெரிஞ்சுபோச்சு.

உள்ள நடக்கிறதை நம்ம பாஷையில சொல்றேன். கிதார் கம்பிக்குக் கீழ காந்தமும் அதைச் சுத்தி மெல்லிசு தாமிரக் கம்பியும் இருக்கும். கம்பி அதிர்ந்தா துளி மின்சாரம் அலை மாதிரி வரும். டிரான்சிஸ்டர் அதைப் பல மடங்கு பெருசாக்கும். ஆனா பேட்டரி 9 வோல்ட்தான். வாய்க்கால்ல எவ்வளவு தண்ணி விட்டாலும் கரை உயரத்துக்கு மேல நிக்காது இல்லையா, அதே கதை. அலையோட தலை, இளநீர் சீவின மாதிரி தட்டையா வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில முன்னாடி இல்லாத மேல் ஸ்வரங்கள் நிறைய பிறக்கும். அதுதான் அந்தக் கரகரப்பு.

சகலைகிட்ட இதெல்லாம் சொல்லலை. தம்புராவைச் சொன்னேன். தம்புராவுல குதிரைக்கும் தந்திக்கும் நடுவுல ஒரு துண்டு நூல் வைப்பாங்க. ஜீவாளின்னு பேர். நூலை எடுத்துட்டா டொக் டொக்னு மொட்டையா கேக்கும். சரியான இடத்துல வெச்சா அந்த இரைச்சலோட உயிர் வரும். இந்தப் பெட்டி மின்சாரத்துல வைக்கிற ஜீவாளின்னு சொன்னேன். நூல்னதும் மனுஷன் எழுந்து உள்ள வந்துட்டார்.

வந்தவர் ரெசிஸ்டரை ஒண்ணு எடுத்துப் பார்த்தார். ரெசிஸ்டர் மேல நிற வளையம்தான் அதோட கணக்கு. மஞ்சள், ஊதா, பழுப்புன்னா 470 ஓம். மஞ்சள், ஊதா, சிவப்புன்னா 4,700 ஓம். இந்தக் கிட்ல ரெண்டும் இருக்குது, ஒண்ணு சர்க்யூட்டுக்கு, ஒண்ணு எல்.இ.டி. விளக்குக்கு. டியூப் லைட்ல பையனுக்கு எது பழுப்பு எது சிவப்புன்னு தெரியலை. எனக்குக் கண்ணாடி போட்டும் சந்தேகம். சகலை ரெண்டையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒரு நொடியில பிரிச்சுக் குடுத்தார். "டியூப் லைட்ல எவன்டா கலர் பாப்பான்?" அரக்கு, மெரூன், மாம்பழ மஞ்சள், எம்.எஸ். புளூன்னு நாப்பது வருஷம் நூல் பார்த்த கண்ணு.

அதுக்கப்புறம் அவர் நகரலை. நான் பத்த வைக்கிற முறையைச் சொல்லிக் குடுத்தேன். அயர்ன் நுனியால காலையும் போர்டையும் சேர்த்துச் சூடு பண்ணணும், ஈயத்தை அந்தச் சூட்டுல வைக்கணும், அயர்ன் மேல உருக்கி ஒழுக விடக் கூடாது. நல்லா பிடிச்ச இடம் பளபளன்னு சின்னக் கோபுரம் மாதிரி நிக்கும். மங்கி உருண்டையா இருந்தா பிடிக்கலைன்னு அர்த்தம். பையன் முதல் நாலு அப்படித்தான் வெச்சான். அப்புறம் கை படிஞ்சுடுச்சு.

சாயங்காலம் ஆறு மணிக்கு முடிச்சுப் பெட்டியில போட்டு மிதிச்சான். விளக்கு எரியுது, சத்தம் இல்லை. நான் மல்டிமீட்டரை எடுத்து போர்டுல வோல்ட் பார்த்தேன். சரியாத்தான் இருந்துச்சு. பையன் முகம் செத்துப்போச்சு. "எல்லாம் போச்சு பெரியப்பா, எடுத்து வெச்சுடலாம்"னான்.

சகலை பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். புதுப் பாவு பிணைக்கும்போது பழைய பாவோட ஆயிரக்கணக்கான இழையை ஒவ்வொண்ணா முறுக்கிச் சேர்ப்பாங்க. சேர்த்த பிறகு லேசா இழுத்துப் பார்ப்பாங்க, பிடிக்காத இழை கையோட வந்துடும். அவர் அதையேதான் செஞ்சார். ரெண்டு விரலால ஒவ்வொரு ஒயரையும் மெல்ல இழுத்தார். ஏழாவதோ எட்டாவதோ, மிதி சுவிட்ச்ல இருந்த ஒரு ஒயர் கழண்டு வந்துச்சு. மேலுக்கு ஈயம் மூடியிருந்துச்சு, உள்ள பிடிக்கலை.

"இத வெச்சுக் குடு"ன்னார். பையன் வெச்சான். மிதிச்சான். வந்துச்சு பாருங்க சத்தம், பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துட்டாங்க. சகலை காதைப் பொத்திக்கிட்டார். ஆனா சிரிச்சார்.

இதனால தறி திரும்ப வந்துடாது. சேலைக்குக் கிடைக்கிற கூலியும் மாறாது. ஒரு சாயங்காலத்துல அப்பனும் பிள்ளையும் ஒண்ணாயிட்டாங்கன்னு கதை விடவும் மாட்டேன். ஆனா மறுநாள் காலையில பையன் "அப்பா, பாவு பிணைக்கிறப்போ ஏன் விரல்ல சாம்பல் தொட்டுக்குவே?"ன்னு கேட்டானாம். அவர் பதில் சொல்ல ஒரு மணி நேரம் ஆச்சாம். மச்சினிச்சி போன்ல சொன்னா.

எனக்கு இதுல தோணுறது ஒண்ணுதான். சகலையோட விரலுக்குத் தெரிஞ்சது தறியோட முடிஞ்சுடும்னு நினைச்சேன். அது தறிக்கு மட்டும் உரியது இல்லை. ஆனா அது வேற இடத்துக்குப் போகணும்னா, அங்க இருக்கிற பொருள் திறந்து பார்க்கிற மாதிரி இருக்கணும். தறியில எது பழுதானாலும் நெசவாளரே பார்த்துக்குவார். ஜக்கார்டு அட்டையில துளை இருந்தா இழை தூக்கும், இல்லைன்னா தூக்காது, கண்ணால பார்த்தே புரியும். என் பழைய பம்ப் ஸ்டார்ட்டரும் அப்படித்தான். இப்போ வர்ற செல்போனுக்குள்ள எந்த விரலை விட்டு எதை இழுத்துப் பார்க்கிறது? இந்தப் பதினோரு உருப்படிப் பெட்டியில மூணு பேரோட கையும் வேலை செஞ்சுது. ஏழாயிரம் குடுத்து ரெடியா வாங்கியிருந்தா சகலை திண்ணையிலேயே இருந்திருப்பார்.

பட்டணத்துல இருக்கிறவங்க வீட்டுல பிள்ளைங்க இந்த மாதிரி கிட் கேட்டா வாங்கிக் குடுங்க. தனியா பாகம் வேணும்னா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும். ஈயப் புகையை மோந்துக்கிட்டே குனிஞ்சு வேலை செய்ய விடாதீங்க, ஜன்னலைத் திறந்து வையுங்க, முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தான் சாப்பிடணும். அடாப்டர் வாங்கும்போது பாருங்க, இந்தப் பெடல் பெரும்பாலும் நடுவுல மைனஸ் கேக்கும். மாத்திக் குடுத்தா பாகம் போயிடும்.

இன்னொரு வேலை பாக்கி இருக்குது. என்கிட்ட ரேடியோ கடை காலத்து தகர டப்பா ஒண்ணு கிடக்குது. அதுல பழைய ஏசி 128 ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் ஒரு ஏழெட்டு. அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் ரேடியோவுல ஸ்பீக்கரை ஓட்டுறதே இதுதான். நம்ம பெங்களூர் பெல் கம்பெனியிலயும் செஞ்சாங்க. இப்போ பெடல் செய்யுறவங்க உலகம் பூரா இதைத் தேடுறாங்களாம், சத்தம் இன்னும் மெத்துன்னு வருமாம். கிட்ல வந்தது சிலிக்கான், என்பிஎன் வகை. ஏசி 128 பிஎன்பி வகை. அப்படியே மாத்த முடியாது, பேட்டரியைத் திருப்பிப் போட்டு வேற மாதிரி கட்டணும். ஜெர்மேனியத்துக்கு வெயிலும் ஆகாது, சூடு ஏற ஏற சத்தம் மாறிடும். காஞ்சிபுரத்து மே மாசத்துல அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு பையன் கேக்குறான். ஆடி மாசத் திருவிழாக் கச்சேரி ராத்திரியிலதானே, பார்த்துக்கலாம்னு சொல்லியிருக்கேன். டப்பாவைத் துடைச்சு வெச்சாச்சு. சகலை, வர்ற ஞாயித்துக்கிழமை பகல்ல வாங்க, வெளிச்சம் இருக்கும்போது வாங்கன்னு சொல்லியிருக்கார்.