கம்பெனி கைவிட்டாலும் ஓடும் விளையாட்டு

வாங்கிய கேம் உண்மையில் நம்முடையதா என்று என்னை யோசிக்க வைத்தவள் என் மகள். ஆசையாக விளையாடிவந்த ஓர் ஆன்லைன் கேமில், பிறந்தநாளுக்குக் கிடைத்த பணத்தையெல்லாம் போட்டு உடைகளும் வண்டிகளும் வாங்கி வைத்திருந்தாள். சர்வரை நிறுத்தப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. சொன்ன தேதியில் நிறுத்தியும்விட்டது. "நம்ம கம்ப்யூட்டர்லதானேப்பா இருக்கு, ஏன் ஓடமாட்டேங்குது?" என்று கேட்டாள்.

அதற்கு விடை தேடப் போய்த்தான், கல்லூரி நாட்களில் நான் விளையாடிய டூம் பக்கம் திரும்பினேன்.

1993 டிசம்பரில் வந்த கேம் அது. அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் முதல் பாகத்தை இலவசமாக விட்டதால், ஃப்ளாப்பியில் கைமாறிக் கைமாறி எங்கள் லேப் வரை வந்து சேர்ந்தது. 1997 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் நிரலாளர் ஜான் கார்மாக் அதன் மூலநிரலையே வெளியிட்டார். டாஸ் பதிப்பின் ஒலிக்கான நிரல் வேறொருவருக்குச் சொந்தமாக இருந்ததால், லினக்ஸ் பதிப்பின் நிரலைத்தான் கொடுக்க முடிந்தது. 1999இல் அது ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம். திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதன் நிரலையும் கூடவே கொடுக்க வேண்டும்.

அந்த நிரலை வைத்து ஆர்வலர்கள் உருவாக்கிய சாக்லேட் டூமை என் பழைய லேப்டாப்பில் நிறுவி, அந்தக் காலத்து ஆட்டப் பதிவு ஒன்றை ஓடவிட்டேன். அது வீடியோ அல்ல. ஆட்டக்காரர் எப்படி நகர்ந்தார், எப்போது சுட்டார் என்பதை நொடிக்கு 35 முறை குறித்துவைத்த சிறு கோப்பு, அவ்வளவுதான். அரக்கன் எந்தப் பக்கம் திரும்புவான், குண்டு எவ்வளவு காயப்படுத்தும் என்பதற்கெல்லாம் நிரலில் உள்ள 256 எண்களின் அட்டவணையிலிருந்து வரிசையாக ஓர் எண் எடுக்கப்படும். அதனால் அதே அசைவுகளுக்கு அதே ஆட்டம் அப்படியே திரும்ப வரும். கணக்கு ஓரிடத்தில் பிசகினாலும் ஆட்டக்காரர் சுவரில் முட்டிக்கொண்டு, இல்லாத எதிரியைச் சுட்டுக்கொண்டிருப்பார். நான் பார்த்த ஆட்டம் பிசகாமல் முடிந்தது. பழைய பதிப்பின் பிழைகளைக்கூட மாற்றாமல், அந்தத் துல்லியத்தை ஆர்வலர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மூலநிரல் கையில் இருந்ததால்தான் அவர்களால் அது முடிந்தது.

நிரலைக் கொடுத்ததால் ஐடி சாஃப்ட்வேரின் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. டூமின் படங்களும் ஒலிகளும் களங்களும் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. 2025இல் அதே வரிசையில் புதிய கேமும் வந்தது.

மகளுக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது: கேம் இருப்பது நம் கம்ப்யூட்டரில், அதை ஓடவிடும் அதிகாரம் அவர்கள் சர்வரில். ஐரோப்பாவில் இப்படிக் கேம்களை நிறுத்துவதை எதிர்த்து நடந்த இயக்கத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சர்வரைக் காலமெல்லாம் நடத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. மூடும்போது விளையாடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை, நம் ஊரிலும் அது எழ வேண்டும்.

இப்போதெல்லாம் எந்த கேம் வாங்கினாலும், இணையம் இல்லாமல் ஓடுமா என்று முதலில் விசாரிக்கிறேன். ஓடாது என்றால் அது வாடகைக்கு எடுப்பதுதான். வாடகைக்கு எவ்வளவு தகுமோ அதற்கு மேல் ஒரு ரூபாயும் கொடுப்பதில்லை.