வெயிலூருக்கு வந்த பனிக்கால டயர்

மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒருவன் காரின் டயரைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று நீங்கள் வியப்படையக் கூடும். கல்லூரியில் நான் பயின்றதும் வரலாறுதான். இயந்திரக் கல்வி அன்று. ஆயினும் சென்ற கோடையில் எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்ததை உங்களிடம் சொல்லாமல் இருப்பது முறையன்று எனத் தோன்றியது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் பிள்ளைகள் உங்கள் வீடுகளிலும் இருப்பார்கள் அல்லவா?

நான் வாழும் மணலி புதுநகர் சக்கரங்களின் ஓசை ஓயாத ஊர். ஒருபுறம் 1969-இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. மறுபுறம் 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம். இரவும் பகலும் கன்டெய்னர் லாரிகள் செல்கின்றன. அருகிலுள்ள திருவொற்றியூரில்தான் 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். அதுவே வளர்ந்து எம்.ஆர்.எஃப். டயர் ஆலையாயிற்று. இத்தகைய மண்ணில் வாழ்ந்தும் டயரைப் பற்றி நாங்கள் ஒன்றும் அறியாதிருந்தோம்.

என் தமக்கையின் மகன் கடன் வாங்கிக் கார் எடுத்து வாடகைக்கு ஓட்டுகிறான். டயர்கள் மொட்டையாகிவிட்டன. புதிதாக நான்கு வாங்க 20,000 ரூபாய் ஆகும். பழைய டயர் விற்கும் ஒருவர், கப்பலில் வந்த வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்லி, நான்கையும் 7,000 ரூபாய்க்குக் கொடுத்தார்.

"மாமா, விரலை விட்டுப் பாருங்கள். பட்டன் எவ்வளவு ஆழமாக இருக்கிறது!" என்று மகிழ்ச்சியோடு காட்டினான். நானும் விரலை விட்டுப் பார்த்தேன். "நல்ல காரியம் செய்தாய்" என்று பாராட்டவும் செய்தேன். அந்தப் பாராட்டை நினைத்துப் பின்னர் வெட்கப்பட்டேன்.

மே மாதத்தில் ஒரு நாள், பழவேற்காட்டில் உறவினர் வீட்டு நிக்காஹ்வுக்காக அந்தக் காரிலேயே புறப்பட்டோம். என் தமக்கை, என் மனைவி, குழந்தைகள் இருவர் உடனிருந்தனர். பொன்னேரி நெடுஞ்சாலை வெயிலில் கொதித்துக் கொண்டிருந்தது. மீஞ்சூரை நெருங்குகையில் முன்னே சென்ற கன்டெய்னர் லாரி திடீரென நின்றது. மருமகன் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தான். வண்டி நிற்கவில்லை, நெளிந்து கொண்டே முன்னேறியது. லாரியின் பின்புறத்துக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் நின்றது. அல்ஹம்துலில்லாஹ்! எவருக்கும் காயமில்லை. ஆனால் என் தமக்கையின் கைந்நடுக்கம் நிக்காஹ் முடிந்த பின்னும் தீரவில்லை.

மறுநாள், டயர் ஆலையில் ரப்பர்க் கலவைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற அண்டை வீட்டுக்காரர் வந்து குனிந்து பார்த்தார். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள ஒரு மலை, அதனுள் ஒரு பனித்துகள். "ஹஜ்ரத், இது பனி பெய்யும் நாட்டுக் குளிர்காலத்துக்குச் செய்த டயர்" என்றார்.

அவர் விளக்கியதன் சாரம் இதுதான். கடுங்குளிரில் சாதாரண ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழந்துவிடும். எனவே பனிக்கால டயரை மென்மையான கலவையில் வார்க்கிறார்கள். பனியைக் கவ்விக்கொள்வதற்காகப் பட்டன்களை ஆழமாக்கி, அவற்றின் மேல் கத்தியால் கீறியது போன்ற நுண்பிளவுகளையும் இடுகிறார்கள். பின்லாந்தில் 1934-இலேயே லாரிகளுக்காக இத்தகைய டயர் செய்தார்கள். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கும் காலத்துக்கே அது உரியது; வசந்தம் வந்ததும் அங்குள்ளோரே கழற்றி வைத்துவிடுவார்கள். நம் சென்னையிலோ மார்கழியிலும் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. 2003 மே மாதத்தில் வெப்பம் 45 டிகிரியையே தொட்டது. இந்தச் சூட்டில் அந்த மென்மையான ரப்பர் மேலும் இளகுகிறது. பிரேக் மிதித்தால் உயர்ந்த பட்டன்கள் வளைந்து கொடுக்கின்றன, வண்டி நிற்க அதிகத் தொலைவு பிடிக்கிறது, தேய்மானமும் விரைவாகிறது. மூன்றே மாதத்தில் பாதி பட்டன் கரைந்து போயிருந்ததை அப்போதுதான் கவனித்தோம்.

எந்த ஆழத்தைக் கண்டு மகிழ்ந்தோமோ, அதுவே நம் சாலைக்குக் குற்றமாய் நின்றது!

சோதனை அத்துடன் முடியவில்லை. டயர்களைக் கழற்றி வாசலில் வைத்த அன்றே, மற்றொரு வாடகைக் கார் ஓட்டுநர் வந்து 3,500 ரூபாய்க்குக் கேட்டார். "பாதிப் பணமாவது வரட்டும் தம்பி, அவராகத்தானே கேட்கிறார்" என்றார் என் தமக்கை. மருமகன் என் முகத்தைப் பார்த்தான். உண்மையைச் சொல்கிறேன், நானும் கணப்பொழுது தயங்கினேன். கடன் தவணை நெருங்கியிருந்ததை நான் அறிவேன். ஆனால், நனைந்த தானியத்தை அடியில் மறைத்து உலர்ந்ததை மேலே வைத்திருந்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை அந்த வாரந்தான் பிள்ளைகளுக்கு நடத்தியிருந்தேன். நான் வாய் திறக்குமுன் மருமகனே, "அண்ணே, இது பனி நாட்டு டயர். நம் வெயிலில் பிரேக் பிடிக்காது. என் வீட்டார் தப்பியது பெரிது" என்று சொல்லிவிட்டான். வந்தவர் நன்றி கூறிச் சென்றார்.

அந்த நான்கு டயர்களும் இப்போது காசிமேட்டில் ஒரு விசைப்படகின் பக்கவாட்டில், படகுகள் ஒன்றோடொன்று மோதாதிருக்கத் தொங்குகின்றன. கிடைத்தது 400 ரூபாய். மதரஸா நண்பர்களிடம் கைமாற்று வாங்கிப் புது டயர் போட்டோம்.

வாசகர்களே, டயர் வாங்கும்போது பட்டனின் ஆழத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் மலையும் பனித்துகளும் உண்டா என்று பாருங்கள். நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்: முதல் இரண்டும் செய்த வாரம், பின்னிரண்டும் ஆண்டு. எங்கள் டயரில் 3914 என்றிருந்தது. அதாவது 2014-ஆம் ஆண்டின் 39-ஆம் வாரம். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் தேடுங்கள், டயர்களுக்கு அதைக் கட்டாயமாக்கும் ஆணையை நடுவண் அரசு 2009-இல் பிறப்பித்தது. வாடகை வண்டியில் ஏறுவோர் டயரைப் பார்த்து ஏறுவதில்லை. ஓட்டுநரை நம்பித்தான் ஏறுகிறார்கள். அவர்களுடைய உயிர் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இன்றே எடுத்துச் சொல்லுங்கள்.