பாதிப் பேரிக்காய்

 

தீபாவளி நெருங்கிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் உங்களில் பலர் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வருவீர்கள். அந்தப் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வருஷம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், ஆடி மாதம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

எங்க வீட்டுக்காரரை உங்களில் நிறையப் பேருக்குத் தெரியும். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் எந்தக் கடை அல்வா நன்றாக இருக்கும், எங்கே பால்கோவா சூடாகக் கிடைக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சர்க்கரை நோய் வந்து எட்டு வருஷம் ஆகிறது. மாத்திரை சாப்பிடுவார், காலையில் நடப்பார். இனிப்பை மட்டும் விடமாட்டார்.

வைகாசியில் ரத்தப் பரிசோதனை செய்தோம். எச்.பி.ஏ.1சி என்ற ஒரு சோதனை இருக்கிறது. கடந்த இரண்டு மூன்று மாதம் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. அது 9.2 வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கண்ணும் சிறுநீரகமும் கெட்டுப்போகும் ஐயா" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளிலிருந்து நான் வீட்டிலும் டீச்சராகிவிட்டேன். சர்க்கரை டப்பா, வெல்லம், பேரன் வைத்துவிட்டுப் போன சாக்லேட் எல்லாம் பீரோவுக்குள் போனது. சாவி என் இடுப்பில். அவர் வெளியே போய்விட்டு வந்தால் சட்டைப்பையைப் பார்ப்பேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே பார்த்தேன்.

ஆடியில் ஒருநாள் கடைவீதியில் என்னிடம் படித்த பையன் ஒருவனைப் பார்த்தேன். பேக்கரி வைத்திருக்கிறான். நல்ல பிள்ளை. "டீச்சர், சார் தினமும் சாயங்காலம் நம்ம கடைக்குத்தான் வர்றாரு. தேங்காய் பன்னுன்னா அவருக்கு உசுரு" என்று சந்தோஷமாகச் சொன்னான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். மறுநாள் சாயங்காலம் நான் நேராக அந்தக் கடைக்கே போய்விட்டேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து கையில் பன் வைத்திருந்தார். அந்தப் பையன் முன்னால், டீ குடிக்க வந்த நாலு பேர் முன்னால், வகுப்பில் கத்துவதுபோலக் கத்தினேன். கையில் இருந்ததைப் பிடுங்கி வைத்தேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டார். இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: "நான் ஒண்ணும் உன் மூணாங்கிளாஸ் பையன் இல்லை, டீச்சர்."

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வார்த்தை எனக்கு ஒரு பழைய விஷயத்தை ஞாபகப்படுத்தியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் தினமும் சாக்பீஸ் திருடுவான். அடித்துப் பார்த்தேன், வெளியே நிறுத்திப் பார்த்தேன், எல்லார் முன்னாலும் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னேன். திருட்டு நிற்கவில்லை. பையன் பேச்சைத்தான் நிறுத்தினான். தலைமையாசிரியை அம்மா ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "சாக்பீஸ் பெட்டியை அவன்கிட்டயே குடுத்துடு" என்றார். கொடுத்தேன். அந்த வருஷம் முடியும்வரை ஒரு துண்டு குறையவில்லை. அத்தனை வருஷம் பாடம் நடத்தியும், அந்தப் பாடத்தை என் வீட்டுக்கு நான் கொண்டுவரவில்லை.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் வாயால் கேட்டால் போதுமா? சாயங்காலம் நாலு மணிக்கு அவர் நாக்கு கேட்கும் இனிப்புக்கு நான் என்ன பதில் வைத்திருக்கிறேன் என்று யோசித்தேன்.

அது பேரிக்காய் சீசன். கொடைக்கானல் மலையிலிருந்து கீழே இறங்கி, எங்கள் ஊர்ச் சந்தையில் கூறு கட்டி வைத்திருந்தார்கள். இவர் கொடைக்கானல் பஸ்ஸில் ஓடிய காலத்தில் ஆடி, ஆவணி வந்தால் மஞ்சள் பை நிறையப் பேரிக்காய் கொண்டுவருவார். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொண்டு குடும்பமே கடிப்போம். நம் மலைப் பேரிக்காய் கல் மாதிரி இருக்கும். உள்ளே மணல்போல நறநறக்கும். அந்தச் சதையில் கெட்டியான சுவர் கொண்ட கல் செல்கள் இருப்பதுதான் காரணம். இப்போது அவருக்கு மேல் வரிசை பல்செட். நான்கு வருஷமாகப் பேரிக்காயைத் தொடவில்லை. சரி, இதை வேகவைத்தால் என்ன என்று தோன்றியது.

பொங்கலுக்கு மகள் வாங்கித் தந்த ஏர் ஃப்ரையர் பெட்டி பிரிக்காமல் பரண்மேல் கிடந்தது. இறக்கினேன். பேர்தான் ஃப்ரையர். உள்ளே பொரிப்பதெல்லாம் இல்லை. மேலே ஒரு சூடேறும் கம்பிச்சுருள், அதற்கு மேல் ஒரு விசிறி. சூடான காற்றைக் கூடைக்குள் வேகமாகச் சுற்றவிடும், அவ்வளவுதான். ஈரத்துணி வெயிலில் காய்வதைவிட, காற்றும் அடிக்கும்போது சீக்கிரம் காயும் என்று நான்காம் வகுப்பில் படித்தீர்களே, அதே கதை. பிலிப்ஸ் நிறுவனம் 2010-இல் இந்தப் பேரில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்போது எல்லாக் கம்பெனியும் செய்கிறது. கரண்ட் செலவு பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: என்னுடையது 1400 வாட். அரை மணி நேரம் நிற்காமல் ஓடினாலும் 0.7 யூனிட்தான்.

முதல் நாள், புத்தகத்தில் போட்டிருக்கிற 200 டிகிரியை வைத்தேன். அது உருளைக்கிழங்குக்கு உரியது என்று கவனிக்கவில்லை. பேரிக்காய் மேலே கரிந்து, உள்ளே பச்சையாகவே இருந்தது. மறுநாள் சூட்டைக் குறைத்து, மேலே ஓட்ஸ் தூவி வைத்தேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், இங்கே ஓட்ஸ் பறந்தது. மேலே கம்பிச்சுருளில் ஒட்டிப் புகை வந்து, பக்கத்து வீட்டு அக்கா சுவர்மேல் எட்டிப்பார்த்தார். இவர் வந்து ஸ்விட்சை அணைத்துவிட்டு, "டிக்கெட் எடுக்காம ஏறுனதெல்லாம் மேல ஓடிருச்சு போல" என்றார். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

மூன்றாம் நாள் சரியாக வந்தது. செய்முறையை எழுதுகிறேன், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பேரிக்காய் இரண்டு. தோலோடு நன்றாகக் கழுவி, நெடுக்காக இரண்டாக வெட்டுங்கள். நார்ச்சத்தில் ஒரு பங்கு தோலில் இருப்பதால் சீவ வேண்டாம். நடுவில் இருக்கும் விதைப்பகுதியை ஸ்பூனால் வழித்தெடுத்தால் சின்னக் குழி கிடைக்கும். நிறம் மாறாமல் இருக்க எலுமிச்சைச் சாறு கொஞ்சம் தடவுங்கள். முதுகுப்பக்கம் லேசாகச் சீவிவிட்டால் உருளாமல் உட்காரும். கால் ஸ்பூன் பட்டைத்தூள், ஒரு சிட்டிகை சுக்குத்தூள், ஒரு ஏலக்காய், உப்பு ஒரு சிட்டிகை. இவற்றைக் கலந்து நான்கு பாதியிலும் தூவுங்கள். உப்பை விட்டுவிடாதீர்கள், இனிப்பை எடுத்துக்காட்டுவதே அதுதான்.

ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில் வைத்து, இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு, 160 டிகிரியில் 20 நிமிஷம். இது மைக்ரோவேவ் இல்லை, எவர்சில்வர் வைக்கலாம். கத்தி முனையால் குத்தினால் சுலபமாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னும் ஐந்து நிமிஷம். பழுத்த பேரி சீக்கிரம் வெந்துவிடும்.

அதற்குள் மேல் பூச்சு தயார் செய்யுங்கள். ஓட்ஸ் இரண்டு மேசைக்கரண்டி, ஒன்றிரண்டாகப் பொடித்த வேர்க்கடலை ஒரு மேசைக்கரண்டி, பொடியாக நறுக்கிய சின்னப் பேரீச்சம்பழம் ஒன்று, நெய் ஒரு டீஸ்பூன். கையால் நன்றாகப் பிசைந்து உருண்டையாகப் பிடிக்கும் பதம் வரவேண்டும். அப்போதுதான் பறக்காது. அதைக் குழியில் அழுத்தி வைத்து, மறுபடி 160 டிகிரியில் ஐந்தாறு நிமிஷம். பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள். பட்டர் பேப்பர் போடுகிறவர்கள் அதன்மேல் கனம் இல்லாமல் மெஷினை ஓட்டாதீர்கள். அதுவும் பறந்து கம்பியில் ஒட்டும்.

சீசன் இல்லாத நாளில் ஆப்பிள் வைக்கலாம், அதற்குப் பதினைந்து நிமிஷம் போதும். பப்பாளி தண்ணீர் விட்டுக் கூழாகிவிடுகிறது. நன்றாகப் பழுத்த வாழைப்பழமும் அன்னாசியும் ருசிதான், ஆனால் எங்கள் வீட்டுக்கு அவை ஒத்துவரவில்லை.

இனி கவனமாகக் கேளுங்கள். "ஆரோக்கிய இனிப்பு" என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை. பழத்தைச் சுட்டால் அதிலுள்ள சர்க்கரை போய்விடாது. தண்ணீர்தான் வற்றும். அதனால்தான் இன்னும் இனிக்கிறது. 100 கிராம் பேரிக்காயில் சுமார் 10 கிராம் சர்க்கரையும் 3 கிராம் நார்ச்சத்தும் இருக்கும். அந்த நார்ச்சத்து இருப்பதால் சர்க்கரை ரத்தத்தில் கொஞ்சம் நிதானமாக ஏறுகிறது. சாறாகப் பிழிந்து வடிகட்டிவிட்டால் அந்த லாபம் போய்விடும். ஒரு சின்னப் பேரீச்சம்பழத்தில் 5 கிராம் அளவு சர்க்கரை உண்டு. நான்கு பாதிக்கும் ஒன்றுதான் என்று நான் சொல்வது அதனால்தான். "தேன் ஊத்தலாமே, கருப்பட்டி போடலாமே, இயற்கைதானே" என்று கேட்பவர்களுக்கு: அவையும் சர்க்கரைதான். ரத்தத்துக்கு அது இயற்கையா செயற்கையா என்று தெரியாது.

எங்கள் வீட்டில் இதற்கும் சோதனை நடந்தது. முதல் தடவை மதியம் சோறு சாப்பிட்ட கையோடு இரண்டு பாதியைச் சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 236. என் முகம் மாறிவிட்டது. ஆனால் கத்தவில்லை. மெஷினையும் நோட்டையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். "நீங்களே பாத்துச் சொல்லுங்க, எப்ப சாப்பிட்டா சரியா வருது" என்றேன். கண்டக்டர் ஆயிற்றே, கணக்கு எழுதுவதில் என்னைவிடச் சுத்தம். தேதி, நேரம், சாப்பிட்டது, அளவு என்று கோடு போட்டு எழுதினார். பத்து நாள் கழித்து அவரே வந்து சொன்னார்: "நாலு மணிக்கு, டீக்கு பிஸ்கட் இல்லாம, பாதி மட்டும். 158 தாண்டல." பீரோ சாவியை அன்றைக்கு மேசைமேல் வைத்தேன். இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

பேரிக்காயை வெட்டுவதும் தட்டில் அடுக்குவதும் இப்போது அவர் வேலை. நான் பூச்சு பிசைவேன். நாலு மணிக்கு ஆளுக்குப் பாதி. மீதியைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்கிறோம், புகை பிடிக்கவைத்த பாவத்துக்கு.

சென்ற வாரம் மறுபடி பரிசோதனை செய்தோம். 7.9. டாக்டர் ஒரு மாத்திரையை மாற்றியிருந்தார், இவரும் சாயங்கால நடையைச் சேர்த்துக்கொண்டார். எல்லாப் பெருமையும் பேரிக்காய்க்கு இல்லை. இன்னும் குறைய வேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் திருட்டு நின்றுவிட்டது. நடுவில் இரண்டு தடவை பன் சாப்பிட்டிருக்கிறார். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நோட்டில் அவரே எழுதி வைத்திருக்கிறார். சர்க்கரை உள்ளவர்கள் என் அளவை அப்படியே பின்பற்ற வேண்டாம். உங்கள் டாக்டரைக் கேளுங்கள், உங்கள் உடம்பைக் குத்திப் பாருங்கள். ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாது.

பேக்கரிக்காரத் தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன் கடையில் நான் நடந்துகொண்டது தப்பு. சாரிடம் தனியாகக் கேட்டுவிட்டேன். ஆனால் உன் முன்னால் நடந்ததற்கு எல்லார் முன்னாலும்தானே மன்னிப்புக் கேட்க வேண்டும்? அதற்காகத்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்போது வேண்டுகோள். தீபாவளிக்கு வரும்போது கிலோக்கணக்கில் இனிப்பு வேண்டாம். நான்கு பழம் கொண்டுவாருங்கள், சுட்டுத் தருகிறேன். சேர்ந்து சாப்பிடலாம். உங்கள் வீட்டிலும் அப்பாவோ மாமனாரோ ஒளித்துச் சாப்பிடுகிறார் என்றால், பிடித்துவிட்டோம் என்று சந்தோஷப்படாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் பேசுங்கள்.

தீபாவளி அன்று காலையில் ஒரே ஒரு அதிரசம் சாப்பிடப் போவதாக அவர் இப்போதே நோட்டில் எழுதி வைத்துவிட்டார். எதிரே எனக்கும் ஒன்று எழுதியிருக்கிறார்.

எல்லாருக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்