நீட்டி நிற்கும் கம்பிகள்

என் மேசை லாச்சிக்குள் ஒரு 80 பக்க அப்பியாசக் கொப்பி கிடக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ‘ஜித்தா’, வலது பக்கம் ‘வளவு’ என்று தலைப்பு. 2013 ஏப்ரலில் தொடங்கிய கணக்கு அது.

தம்பி அதற்கு முந்தின வருடம் ஜித்தாவுக்குப் போயிருந்தான். கம்பி கட்டுகிற வேலை. அவன் தங்கியிருந்த இடத்திலிருந்து வேலைத்தலத்துக்குப் போகும் வழியில், நகரத்துக்கு வடக்கே, ஒபுர் பக்கமாக ஒரு பெரிய வெளி. அங்கேதான் உலகத்திலேயே உயர்ந்த கட்டடம் வரப்போகிறது என்று சொன்னான். இளவரசர் வலீத் பின் தலாலின் திட்டம். அப்போது அதற்கு ‘கிங்டம் டவர்’ என்று பெயர். பிற்பாடு ஜித்தா கோபுரம் ஆயிற்று. துபாயின் புர்ஜ் கலீபாவை வரைந்த ஏட்றியன் ஸ்மித்தான் இதற்கும் கட்டடக் கலைஞர். புர்ஜ் கலீபா 828 மீற்றர். இது ஆயிரத்தைத் தாண்ட வேண்டுமாம்.

அதே மாதத்தில்தான் தங்கச்சிக்கு வீடு கட்ட எங்கள் வளவில் அத்திவாரம் வெட்டினோம். எங்கள் பகுதியில் பெண்ணைக் கொடுப்பவர்கள் வீட்டையும் கொடுக்க வேண்டும். வாப்பா மௌத்தாகி விட்டபடியால் அந்தப் பொறுப்பு எங்கள் இருவர் தலையிலும் விழுந்தது. “பார்ப்பமே காக்கா, எது முதல்ல முடியுதெண்டு” என்று தம்பி டெலிபோனில் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பிறந்ததுதான் கொப்பி.

வெள்ளிக்கிழமைகளில் அவன் படம் அனுப்புவான். முதல் ஒன்றரை வருடத்தில் படத்தில் ஒன்றுமே தெரியவில்லை. வேலியும் பாரந்தூக்கிகளும் தூசியும்தான். எல்லா வேலையும் நிலத்துக்குக் கீழே நடந்தது. 270 ஆணித்தூண்களை இறக்கினார்கள். நடுவில் உள்ளவை 105 மீற்றர் ஆழம் வரை போயின. நான் வகுப்பில் பிள்ளைகளிடம், நம்மூரில் உள்ள மிக உயர்ந்த தென்னையைப் போல் நான்கைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி மண்ணுக்குள் தள்ளினால் எவ்வளவோ அவ்வளவு என்று சொன்னேன். முதலில் அந்தக் கோபுரத்தை ஒரு மைல் உயரத்துக்குத்தான் நினைத்தார்களாம். அந்தக் கடற்கரை நிலம் அவ்வளவைத் தாங்காது என்று கண்டு கிலோமீற்றராகக் குறைத்துக் கொண்டார்கள். நிலம் தாங்கும் அளவுக்குத்தான் உயரம். பணத்தால் மாற்ற முடியாத ஒரு கணக்கு அது.

2014 செப்டெம்பரில் கோபுரம் நிலத்துக்கு மேலே வந்தது. மேலிருந்து பார்த்தால் மூன்று இதழ் விரித்த பூப்போல இருக்கும் என்றான் தம்பி. மூன்று இறகுகளும் ஒன்றையொன்று தாங்கும். மேலே போகப் போக மெலியும். ஒவ்வோர் உயரத்திலும் வடிவம் மாறுவதால் காற்றினால் ஒரே சீராக அடித்து ஆட்டிவிட முடியாது. உருக்கு வடத்தில் லிப்டைத் தொங்கவிட்டால், அரைக் கிலோமீற்றருக்கு மேல் வடத்தின் பாரமே பெரும் சுமையாகி விடும். அதற்காகப் பின்லாந்தின் கோனே கம்பனி காபன் நாரில் வடம் செய்தது. இதையெல்லாம் நான் தேடித் தேடிப் படித்தேன். ஏழாம் வகுப்புக்கு விகிதசமம் படிப்பித்ததும் அந்தக் கோபுரத்தை வைத்துத்தான்.

எங்கள் வளவிலும் வேலை நடந்தது. ஒன்பது தூண்கள், ஒவ்வொன்றிலும் நான்கு கம்பிகள். கல் வரிசை வரிசையாக உயர்ந்தது. 2016இல் தங்கச்சிக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வளவைச் சுற்றிப் பார்த்தார்கள். பக்கத்து வளவின் மாடி வீட்டையும் பார்த்தார்கள். “மேல ஒரு மாடியும் இருந்தா நல்லம்தானே” என்றார் பெரியவர். நான் தலையாட்டினேன். மேசன் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “சேர், இந்த அத்திவாரம் ஒரு தட்டுக்குப் போட்டது. மணல் பூமி.” எப்படியாவது செய்யலாம் என்று கம்பிகளை மேலே நீட்டி விடச் சொன்னேன். ஜித்தாவில் நிலத்துக்குப் பணிந்தவர்களை வகுப்பில் மெச்சிய ஆசிரியர்தான் நான்.

அந்த வருடம் சவூதியில் கட்டட வேலை கலங்கியது. எண்ணெய் விலை விழுந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. தம்பியின் கம்பனியில் எட்டு மாதச் சம்பளம் வரவில்லை. அவன் படம் அனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை. சாப்பாட்டுக்குக் கடன் வாங்கிய கிழமைகளிலும் படம் வந்தது. நான் அவனிடம் முதலில் கேட்டது “எத்தனையாம் மாடி?” என்றுதான். “சாப்பிட்டியா?” என்று கேட்டது பிறகுதான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

2017 கடைசியில் அவன் வெறுங்கையோடு வந்து சேர்ந்தான். அந்த நவம்பரில்தான் றியாத் ஹோட்டலில் இளவரசர்களையும் செல்வந்தர்களையும் தடுத்து வைத்தார்கள். வலீத் பின் தலாலும் அதில் ஒருவர். 2018 ஜனவரியில் கோபுர வேலை நின்றது. அறுபத்து மூன்று மாடியளவில், மூன்றில் ஒரு பங்குகூட முழுசாக உயராமல். எங்கள் வீடு லின்டல் மட்டத்தில் நின்றது. கொப்பியின் இரண்டு பக்கமும் வெறுமையானது.

உண்மையைச் சொன்னால், கோபுரம் நின்ற செய்தி எனக்கு ஆறுதலாக இருந்தது. இளவரசருடையதே நின்று போச்சு, நாமெல்லாம் எம்மாத்திரம் என்று ஊராரிடம் சொல்லித் திரிந்தேன். சம்பந்தம் குழம்பியபோதும் அதையே சொன்னேன். தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. தையல் மெஷினுக்கு முன்னால் குனிந்திருந்தாள்.

பிறகு கொரோனா. 2022இல் ஆயிரத்துச் சொச்சம் விற்ற சீமெந்துப் பை மூவாயிரம் வரை போனது. முப்பத்தாறு கம்பிகளின் தலையிலும் வெற்றுப் போத்தல்களைக் கவிழ்த்து வைத்திருந்தோம். உப்புக் காற்று அதற்குள்ளும் புகுந்தது. மழைக்குத் துரு வழிந்து தூண்களில் செம்மஞ்சள் கோடுகள் விழுந்தன.

2025 ஜனவரியில் செய்தி வந்தது. ஏழு வருடத்துக்குப் பிறகு கோபுரம் 64ஆம் மாடியிலிருந்து மீண்டும் எழும்புகிறது. 2028இல் முடிப்பதாகத் திட்டம். நான் கொப்பியைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு தங்கச்சியிடம் ஓடினேன். நாமும் தொடங்குவோம், கடன் எடுக்கலாம், மேல் மாடியையும் போட்டு விடலாம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவளுக்கு முப்பத்து நான்கு வயது.

அவள் கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். அதை அவள் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

“இதில என்ட பேர் எங்கயும் இல்லையே காக்கா” என்றாள்.

நான் பேசாமல் நின்றேன்.

“மேல்மாடி கேட்டது நானில்ல. அந்தக் கம்பியப் பாக்கிற நேரமெல்லாம், இன்னும் யாரோ வந்து விலை பேசப் போறாங்க எண்டுதான் எனக்குத் தோணுது. அதுகள வெட்டிப் போட்டு ஓட்டப் போடுங்க. நானும் உம்மாவும் அதில இருப்பம். தையலுக்கு வாற பிள்ளைகளுக்கும் இடம் வேணும்.”

கியாமத்தின் அடையாளங்களைச் சொல்லும்போது, உயர்ந்த கட்டடங்களில் போட்டி போடுவதைப் பற்றி வரும் நபிமொழியை நாம் எல்லோரும் அறிவோம். மீலாத் மேடைகளில் நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். கைக்கூலிக்கு எதிராகவும் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் போட்டி பாலைவனத்து இளவரசர்களுக்கு உரியது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பக்கத்து வளவைப் பார்த்து நீட்டிய முப்பத்தாறு கம்பிகள் என் வளவில் நின்றன. போட்டிக்கு ஆயிரம் மீற்றர் தேவையில்லை. ஒரு தட்டுப் போதும்.

ஜூலையில் தம்பி கம்பி வெட்டினான். ஜித்தாவில் கட்டப் படித்த கை. ஒவ்வொரு கம்பியும் விழும்போது உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். வெட்டி முடித்துச் சுற்று பீம் போட்டு, ஒக்டோபருக்குள் ஓடு வேய்ந்தோம். வெட்டின துண்டுகளைத் தங்கச்சி வீணாக்கவில்லை. மல்லிகைக் கொடிக்குப் பந்தல் போட்டிருக்கிறாள்.

தம்பி இன்னும் கோபுரத்தைப் பார்க்கிறான். அங்குள்ள கூட்டாளி ஒருவன் படம் அனுப்புகிறான். கொப்பியின் இடது பக்கத்தை இப்போது அவன்தான் எழுதுகிறான். கட்டுகிறவனின் ஆசை அது, அதில் தப்பில்லை. வலது பக்கத்தில் ‘வளவு’ என்றிருந்ததை வெட்டி விட்டுத் தங்கச்சியின் பேரை எழுதினேன். அதன் கீழே ஒரே வரி: ‘முதல் மாரி மழை. ஒழுகவில்லை.’