அப்பா ஊன்றிய காதுகள்

போன இதழில் ஏழாம் வகுப்புத் தம்பி திமிங்கலத்தைப் பற்றி எழுதியிருந்தான். நான் எங்க அப்பாவைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காமல் படியுங்கள், இதிலும் அறிவியல் இருக்கிறது.

நம் ஊர் குவாரியில் மத்தியானம் வெடி வைப்பது எல்லோருக்கும் தெரியும். தரையில் உட்கார்ந்திருந்தால் முதலில் கீழே லேசாக அதிரும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் 'டும்' என்று கேட்கும். ரொம்ப நாள் அது இரண்டு வெடி என்றே நினைத்திருந்தேன். சார் 'ஒலி' பாடம் நடத்தியபோதுதான் ஒரே வெடி என்று புரிந்தது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. நம்ம பக்கத்துக் கெட்டியான கருங்கல்லில் 5000 மீட்டர் வரைக்கும் போகும். குவாரி இங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர். பாறை வழியாக அரை நொடிக்குள் வந்துவிடுகிறது, காற்று வழியாக வர நாலு நொடிக்கு மேல் ஆகிறது. மறுநாள் எண்ணிப் பார்த்தோம். தரை அதிர்ந்ததும் ஆரம்பித்தோம், நாலு முடியும்போது சத்தம் வந்தது. வகுப்பே கைதட்டியது.

அன்றைக்கு அப்பாவுக்கு நைட் ஷிப்ட். சிப்காட்டுக்குக் கிளம்பிக் கொண்டிருந்தார். எதிரொலி, சோனார் எல்லாம் சொன்னேன். சைக்கிள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டார். "பாப்பா, இந்த வேலைய நான் பாத்திருக்கேன். கடல்ல இல்ல, வயல்ல" என்றார்.

எங்க அப்பா ஊர் மன்னார்குடிப் பக்கம். இருபது வருஷத்துக்கு முன்னால், ஓசூருக்கு வருவதற்கும் முன்னால், ஒரு சர்வே கூட்டத்தோடு நாலு மாசம் தினக்கூலிக்குப் போனாராம். கான்ட்ராக்டர் ஆள் மூலமாகப் போனதால் கம்பெனி பேர் அவருக்கே ஞாபகம் இல்லை. கீழே ஆணி வைத்த சின்ன டப்பாக்களை வரிசையாக மண்ணில் ஊன்றி, கேபிளில் கோர்த்துக்கொண்டே போக வேண்டும். அதன் பேர் ஜியோபோன். இன்னொரு கூட்டம் எழுபது எண்பது அடிக்குத் துளை போட்டு, அடியில் வெடி இறக்கி மண்ணால் மூடும். வெடிக்கும்போது யாரும் நடக்கக் கூடாதாம், மாடு கூட அசையக் கூடாதாம், பக்கத்து மோட்டாரையும் நிறுத்தச் சொல்வார்களாம். "மூச்ச புடிச்சிட்டு நிப்போம். கால்ல ஒரு உதறல் வரும். அவ்ளோதான். டேப்ப எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றார். அந்த டேப்பில் என்ன இருந்தது, அதை வைத்து என்ன செய்தார்கள் என்று அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. அதனால் நான் சாரிடம் கேட்டும், கணினி அறையில் தேடியும் தெரிந்துகொண்டேன்.

வெடியின் அதிர்வு பூமிக்குள் இறங்கும். பாறை மாறும் இடத்தில் எல்லாம் கொஞ்சம் திரும்பி மேலே வரும். டப்பா அதைக் கேட்கும். நொடிக்கு 3000 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், 2 நொடியில் திரும்பிய எதிரொலி 3000 மீட்டர் ஆழத்திலிருந்து வந்தது. (போக ஒரு நொடி, வர ஒரு நொடி. நான் முதலில் 6000 என்று போட்டுத் திட்டு வாங்கினேன்.)

இது சுலபம் என்று தோன்றும். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். 2 மில்லி நொடிக்கு ஒரு தடவை கேட்டால் ஒரு டப்பா 6 நொடியில் 3000 எண் கொடுக்கும். ஆயிரம் இடத்தில் கேட்டால் ஒரு வெடிக்கு 30 லட்சம். ஐந்தாயிரம் வெடி வைத்தால் 1500 கோடி எண்கள்! அதிலே மாடு நடந்தது, காற்று அடித்தது எல்லாம் கலந்திருக்கும். ஒரே இடத்தை வேறு வேறு வெடியில் கேட்டதையெல்லாம் ஒன்றாகக் கூட்டினால், நிஜமான எதிரொலி பெருகும், மற்ற இரைச்சல் அடங்கிப் போகும். அப்புறம் இன்னொரு சிக்கல். பாறை சாய்ந்திருந்தால் எதிரொலி நேர் கீழே இருந்து வராது, பக்கவாட்டில் இருந்து வரும். ஒவ்வொன்றையும் அதன் சொந்த இடத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும். இதற்குத்தான் சூப்பர் கணினி. நம் நாட்டு ஓ.என்.ஜி.சி. நிறுவனத்துக்கு இந்த வேலைக்கென்றே டேராடூனில் ஒரு மையம் இருக்கிறது.

1980களில் அமெரிக்கா நாம் கேட்ட பெரிய சூப்பர் கணினியைத் தர மறுத்தது. 1988இல் புனேயில் சி-டாக் ஆரம்பித்தார்கள். விஜய் பட்கர் தலைமையில் 1991இல் 'பரம் 8000' வந்தது. அதே சி-டாக் பூமிக்கடியைப் படமாக்கும் மென்பொருளும் எழுதியிருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2022இல் 'பரம் பிரவேகா' வைத்தார்கள். அது எல்லா ஆராய்ச்சிக்கும் ஆனது. ஒரு நொடியில் அது போடும் கணக்கை எழுத, 33 போட்டு 14 சைபர் போட வேண்டும். நம் ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு பஸ் மாறினால் அங்கே போய்விடலாம் என்பது எனக்கு ரொம்ப ஆச்சரியம்.

அவ்வளவு செய்தும் படத்தில் 'எண்ணெய்' என்று எழுதியிருக்காது. பாறை எங்கே கவிழ்த்த சட்டி மாதிரி வளைந்திருக்கிறது என்றுதான் தெரியும். அங்கே எண்ணெய் தேங்கலாம், தேங்காமலும் போகலாம். படித்த நிபுணர்கள் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். நம்ம கிருஷ்ணகிரியில் இந்த வேலையே கிடையாது. இங்கே காலடியில் இருப்பது சுமார் 250 கோடி வருஷத்துப் பாறை. எண்ணெய்க்கு வண்டல் படிந்து உண்டான பாறை வேண்டும். அது காவிரிப் பக்கம் பல கிலோமீட்டர் கனத்துக்கு இருக்கிறது. நரிமணத்தில் எண்ணெய் எடுத்தார்கள், 1993இல் அதன் பக்கத்திலேயே சுத்திகரிப்பு ஆலையும் வந்தது.

இனிமேல்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

அப்பா ஆணி ஊன்றிய வயல்களில் எங்க தாத்தா வயலும் ஒன்று. துளையைச் சரியாக மூடாமல் போய்விட்டார்களாம். அந்த வருஷம் பாய்ச்சின தண்ணீர் எல்லாம் அதற்குள் இறங்கியது. தாத்தாவும் அப்பாவும் களிமண் சுமந்து அடைத்தார்கள். 2017இல் புதுக்கோட்டை நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராட்டம் நடந்தபோது தாத்தாவும் போய் உட்கார்ந்தார். திரும்பி வந்து எல்லோர் முன்னாலும், "மொத ஆணிய அடிச்சது எம்புள்ளதான்" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அப்பா பொங்கலுக்கு ஊருக்குப் போனாலும் வயல் பக்கம் போக மாட்டார். 2020இல் டெல்டாவில் புதிதாக எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாது என்று சட்டம் வந்தது. அப்போதும் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

என்னைக் கேட்டால் அப்பா கேட்கத்தான் செய்தார், தோண்டவில்லை. ஆனால் தாத்தா சொல்வதும் பொய் இல்லை. கேட்டுவிட்டுப் போனவர்கள் என்ன கேட்டது என்று வயல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை தாத்தாவுக்குப் போன் போட்டு, இந்தக் கணக்கெல்லாம் விளக்கினேன். நடுவில் பேசாமல் கேட்டார். கடைசியில், "சரி ஆயி, அந்தப் படத்துல நம்ம வயலுக்கு அடியில என்னதான் தெரிஞ்சிச்சாம்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அப்பா கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். "அப்பா, நான்தான்" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார்.

- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி